மூச்சு இழுப்பு

லுணுகலை பஸ்ஸில் என் முன் சீட்டில், குழந்தையை மடியில் போட்டிருந்த தேயிலைத் தோட்டத்துப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"நேத்து ஆஸ்பத்திரியில டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்கு நான்தான்க்கா பாடம் எடுத்தேன்."

"நீயா?"

"புள்ளைக்கு இழுப்புன்னு சொன்னேன். படிக்கிறவரு ஒருத்தரு வலிப்புன்னு எழுதிட்டாரு. இல்லைங்க, மூச்சு இழுப்புன்னேன். அவங்களுக்குச் சொல்லிக்குடுக்கிற பெரிய டாக்டரு எழுதினத வெட்டச் சொன்னாரு. 'எல்லாருக்கும் வெளங்குற மாதிரி சொல்லும்மா'ன்னாரு. புள்ள எப்படி மூச்சு இழுத்துச்சுன்னு நானே இழுத்துக் காட்டினேன்."

"யாரும் சிரிக்கலையா?"

"சிரிக்கவா? பெரிய டாக்டரே பக்கத்துல கைகட்டி நின்னு கேட்டாருக்கா."

தூங்கும் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் கைநாட்டு. நான் சொல்லச் சொல்ல அம்புட்டுப் பேரும் எழுதினாங்க."