குகை வாசலில் கால்வாய் வெட்டியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, சடங்குப் பூசாரி அலுமித் ஐயா அவர்களே, தங்கள் ஆசிரியருக்காகக் கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்திருக்கும் மாணவர்களே, பெங்கெட் மலையின் என் உறவுகளே, குகைக் காவல் குழுவின் தலைவியாக உங்கள் முன் நிற்கிறேன்.

முனைவர் கொன்சுவேலோ அகுஸ்தின் அம்மையார் மறைந்துவிட்டார். புகையூட்டிப் பதமாக்கி, பைன் மரப் பெட்டிக்குள் முன்னோர் குந்தவைத்துக் குகையில் சேர்த்த நம் ஆதிப் பாட்டனாரின் உடலைப் பூஞ்சணத்திடமிருந்து மீட்டவர் யார்? அவர்தான். அருங்காட்சியகம் அந்த உடலைக் கேட்டபோது, "அவரு அவரோட வீட்டுல இருக்காரு. பாக்கணும்னா நாமதான் போகணும்" என்று மறுத்தவர் யார்? அவர்தான்.

அவருக்கான இந்தக் கூட்டத்தில், சற்று முன் என் தம்பி தெல்பின் என்ன சொன்னான்? "பாட்டனார் கோவத்துலதான் அந்தம்மா போச்சு. இனி வெளியாளுக்குச் சாவி எதுக்குக்கா? குகைய ஒரேயடியா மூடிருங்க." சிலர் தலையாட்டினீர்கள். குகைக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஊருக்கு, ஒன்று அவருக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். நாம் கூடிப் பேசிச் செய்த ஏற்பாடு அது.

அந்தப் புயல் நாளை மறந்துவிட்டீர்களா? வெள்ளம் குகை வாசலை நோக்கி இறங்கியது. சாலை சரிந்து மாணவர்கள் கீழே மாட்டிக்கொண்டார்கள். வழக்கப்படி பன்றி அறுத்துப் பார்த்தோம். பித்தப்பை சுருங்கிக் கிடந்தது, கெட்ட சகுனம். "இன்னிக்கு யாரும் உள்ள போகக் கூடாது. நம்ம ரத்தம் எவனும் மண்ணுல கைவைக்கவும் கூடாது" என்றார் அலுமித் ஐயா. நாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அம்மையார் சண்டை போட்டாரா? இல்லை. ஒன்றுதான் கேட்டார்.

"ஐயா, அந்த விலக்கு எனக்கும் உண்டா?"

"நீ கீழ்நாட்டுப் பொண்ணு. உனக்கு ஏது?"

"அப்போ மம்பட்டியக் குடுங்க."

குகைக்குள் அவர் காலே வைக்கவில்லை. வெளியே, கொட்டும் மழையில், வெள்ளம் விலகி ஓடக் கால்வாய் வெட்டினார். அந்த மழைதான் காய்ச்சலாகி அவர் நெஞ்சில் இறங்கியது. சகுனம் தெளிந்து நாம் உள்ளே போனபோது, பாட்டனாரின் பெட்டியில் அடிப்பலகைகூட நனைந்திருக்கவில்லை.

தெல்பின், இதில் பாட்டனாருக்கு என்ன கோபம்?

அம்மையாரின் சாவியை இதோ அவர் மாணவி அமாலியாவிடம் கொடுக்கிறேன். தடுக்க நினைப்பவர்கள் இப்போதே எழுந்திருங்கள். அவரைப் போலவே நாங்களும் சகுனம் பார்ப்போம், காத்திருப்போம், பூஞ்சணத்தை விரட்டுவோம். வெளியாள், வெளியாள் என்கிறீர்களே, அன்று அவர் நம் ரத்தமாக இருந்திருந்தால் நம் பாட்டனார் வெள்ளத்தோடு போயிருப்பார்.