போனுக்குத் தெரியாத அரக்கு

"உன் அட்டவணை முழுக்க 'காலி, காலி'ன்னே என் போன் படிச்சுக்கினு இருக்குதுப்பா!"

ஐயம்பேட்டையிலிருந்து வந்த ஷேர் ஆட்டோவில், மடக்கிய வெள்ளைக் கோலோடு எதிரே இருந்த பார்வையற்ற பெண் பதறினாள். பட்டுக்கடையில் போனில் ஆர்டர் எடுப்பவளாம். பக்கத்தில், அதே கடையில் ஸ்டாக் எழுதப் புதிதாகச் சேர்ந்தவன்.

"காலி இல்லக்கா. ஒவ்வொரு கட்டத்துலயும் புடவையோட கலரையே ரொப்பியிருக்கேன். பாத்தாலே தெரியும்."

"எழுத்து இருந்தாத்தான் போன் படிக்கும். நேத்து மூணு கல்யாண வீட்டுக்கு அரக்கு கலர் புடவை இல்லைன்னுட்டேன். இன்னும் பத்து நிமிசத்துல கடை தொறந்துடுவாங்க. பேரை எழுதுப்பா."

அவன் நகத்தைக் கடித்தான்.

"கலரைப் பாத்தா தெரியுதுக்கா. பேருதான் தெரியல."

"எனக்குப் பேரு மட்டுந்தான் தெரியும். மொதக் கட்டம் எப்பிடி இருக்குது, சொல்லு."

"வறுத்த மிளகா மாதிரி."

"அரக்கு. போன்ல கேக்குறவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. எழுது. அடுத்தது?"