அண்ணன் மாடிக்கு ஒரு சாண் கீழே

— கொடத்தக் கீழ வையி அன்னக்கொடி. நான் தூக்கிட்டு வர்றேன்.

— இன்னைக்குத் தூக்குவீக. நாளைக்கு ஜீப்பு வந்து நின்னா ஏலக்காய் லோடுன்னு மலைக்கு ஏறிருவீக. அப்ப யாரு தூக்குவா?

— கீழ காய் பொறுக்க வர்ற பொம்பளைக யாரையாச்சும் கொண்டாரச் சொல்லு.

— அவுக சோலிய விட்டுட்டு என் கொடத்தத் தூக்கவா வர்றாக? கீழ் வீட்டக் குடோனுக்கு விட்டுட்டு நம்ம மாடியில குடியிருக்கோம். அங்க தொறந்தா கொட்டோ கொட்டுனு கொட்டுது. இங்க அடுப்படிக் கொழாயில நூலாட்டம் ஒழுகுது. ஒரு செம்பு நெறையிறதுக்குள்ள நான் கொழம்பே கொதிக்க வச்சு எறக்கிருவேன்.

— பிளம்பர் அழகுமலைய வச்சு எல்லாந்தான் பாத்தாச்சு. அரை இஞ்சு பைப்ப எடுத்துட்டு ஒரு இஞ்சு போட்டான். வளைவக் கொறச்சான். காத்து அடைக்குதுன்னு தொட்டிகிட்ட ஒரு கொழாய நட்டமா நிறுத்துனான்.

— கடைசியா என்ன சொன்னாரு? அதச் சொல்லுங்க.

— அத விடு.

— தொட்டி தளத்தோட தளமா ஒக்காந்திருக்கு, கொழாய்க்கும் அதுக்கும் ஒரு ஆளு ஒசரம்கூட இல்ல, தண்ணி எந்த வேகத்துல எறங்கும்னு கேட்டாரா இல்லையா? நாலடி தூக்கி வைங்கன்னாரா இல்லையா?

— அவனுக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டான். நாலடி தூக்குனா தொட்டி அண்ணன் வீட்டு மாடிச் சொவத்துக்கு மேல நிக்கும்.

— நின்னா என்னவாம்?

— தம்பி வீடு அண்ணன் வீட்டுக்கு மேல நிக்கிறதா? நம்ம சொந்தத்துல அப்படி ஒரு வீடு காட்டு பாப்பம். கட்டும்போதே ஒரு சாண் கொறச்சுத்தானே கட்டுனேன். அப்பா போனப்புறம் ஏலத்தோட்டத்துல மூட்டை சொமந்து என்னைய ஆளாக்குனவரு.

— அவுகள நான் ஒண்ணும் சொல்லல. ஒரு வார்த்தை கேளுங்கன்னுதான் சொல்றேன்.

— கேக்க மூஞ்சி இல்ல. பங்குனியில ரெண்டு வரிசை செங்கல்லு வச்சுத் தொட்டியத் தூக்குனோம்ல, அன்னைக்கு அவரு மாடியில நின்னு பாத்தாரு. துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு எறங்கிப் போயிட்டாரு. அன்னைக்கே கல்லப் பிரிச்சுட்டேன். அதுலருந்து எதிர்ல வந்தாலும் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறேன்.

— போன வருசம் அந்தப் படியிலதான் வயித்தப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்தேன். நெனப்பிருக்கா? கொடம் உருண்டு வாசல் வரைக்கும் போச்சு.

— அதப் பேசாத.

— அப்பவும் அஞ்சாம் மாசம், இப்பவும் அஞ்சாம் மாசம். டாக்டரம்மா கொடத்தையே தொடக்கூடாதுன்னுட்டாக. மத்தியான பஸ்சுக்கு நான் தேவாரத்துக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். எங்கம்மா எறைச்சு ஊத்தும். தொட்டி ஏறுனப்புறம் வந்து கூப்பிடுங்க.

— ஏறலேன்னா?

— பிள்ளைய அங்க வந்து பாத்துட்டுப் போங்க.

— கோவத்துல பேசுற.

— பயத்துல பேசுறேங்க.

— சரி, அழாத. அதென்ன பக்கத்துல சத்தம்?

— இப்பத்தான் கேக்குதா? காலையிலருந்து ஒங்கண்ணன் வீட்டு மாடிக்குச் செங்கல் ஏறுது. நம்ம பக்கமே தெரியாம சொவரு எழுப்புறாகளாம். குடோன்ல பேசிக்கிட்டாக.

— அண்ணனா? நம்ம மூஞ்சி தெரியக் கூடாதுன்னா?

— நீங்க தலையக் குனிஞ்சது பத்தலையாக்கும்.

— ஏத்தா அன்னக்கொடி, அந்தக் கொடத்த எறக்கி வைக்கமாட்டியா நீ?

— வாங்க இருளம்மாக்கா. சொவரு மறைக்கிறதுக்குள்ள ஓரகத்தி மூஞ்சிய ஒருதடவ பாத்துக்குவோம்னு படியேறி வந்தீகளா?

— ஒன் வாயி வேகத்துல பாதி அந்தக் கொழாய்க்கு இருந்தா இந்தப் பாடு இல்லத்தா. கொழுந்தனாரே, ஒங்கண்ணன் ஒரு சேதி சொல்லிவிட்டாரு. நேர்ல சொல்ல வாய் வரலையாம்.

— சொல்லுங்க மதினி. எதுன்னாலும் தப்பு என்மேலதான்.

— பங்குனியில ஏன் கல்லப் பிரிச்சான்னு கேக்கச் சொன்னாரு.

— அண்ணன் கோவமா எறங்கிப் போனாரேன்னுதான்...

— கோவமா? எறங்கி வந்த மனுசன் சோத்துல கைய வச்சுக்கிட்டு அப்படியே ஒக்காந்திருந்தாரு. எஞ்சொவத்து ஒசரத்துக்குப் பயந்துதானே அந்தப் புள்ளையக் கொடம் தூக்க விட்டான்னு ஒரே பொலம்பல்.

— அப்ப இந்தச் சொவரு எதுக்குக்கா?

— அழகுமலைகிட்ட ஒசரத்தக் கேட்டுக்கிட்டாருத்தா. எஞ்சொவரும் நாலடி ஏறுது, தம்பிய இன்னைக்கே தொட்டிய நாலடி தூக்கச் சொல்லு, அப்பவும் அவன் ஒரு சாண் கீழதான் இருப்பான்னு சொல்லச் சொன்னாரு.