தண்ணீரில் நான் எதையும் கலக்கவில்லை

பாட்டில் கழுவுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கடல்நீர் பிடிக்கும் ஒவ்வொரு பாட்டிலும் என் ஆய்வகத்தில் ஒரு வாரம் அமிலத்தில் ஊறும். பிறகு ஐந்து முறை அலசல். கையுறை போடாமல் மூடியைத் தொட்டால் போச்சு, விரலில் ஒட்டியிருக்கும் உலோகமே அளவைக் கெடுத்துவிடும். இப்படிப் பதினோரு வருடம். நான் அவசரக்காரன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். படகுகளுக்கு அடிக்கும் பெயின்டிலிருந்து துறைமுகத் தண்ணீரில் செம்பு கசிகிறது. இலை தழை, பாசி எல்லாம் மக்கி அதே தண்ணீரில் பழுப்பாகக் கரைந்திருக்கிறது. அந்தப் பழுப்பு, செம்பைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபட்ட செம்பால் கேடில்லை. பிடி நழுவித் தனியாகத் திரிவதுதான் விஷம். ஒரே தண்ணீரைப் பத்துப் பாட்டில்களில் ஊற்றி, ஒன்றைவிட அடுத்ததில் கொஞ்சம் அதிகமாகச் செம்பைச் சேர்த்து, பழுப்பு எதுவரை தாங்குகிறது, எங்கே கைவிடுகிறது என்று அளப்பேன். அவ்வளவுதான்.

இதைக் கேட்க நாதியில்லை. அலுவலகப் படிவத்தில் மொத்தச் செம்பு எவ்வளவு என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது. பிடிபட்டது எவ்வளவு, திரிவது எவ்வளவு என்று எழுதக் கட்டம் இல்லை. சேருங்கள் என்று வருடா வருடம் கரடியாய்க் கத்தினேன். "மொத்தம் மட்டும் போடுங்க, போதும். ஏன் எங்களப் போட்டுக் குழப்புறீங்க?" என்றார் மேலதிகாரி.

அக்கா வீட்டிலும் இதே கதைதான். அவள் கணவர், என் மாமா, துறைமுகத்தை ஒட்டி, அதே தண்ணீரைத் தொட்டிகளில் ஏற்றிச் சிப்பிக் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருந்தார். "மாப்ள வருஷக்கணக்கா அழுக்குத் தண்ணிய அளக்குறான். அது இன்னும் அழுக்காத்தான் இருக்கு" என்பார். அக்கா சாப்பாடு போட்டபடியே சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் சிரித்து வைப்பேன்.

போன வருடம் அவரே கேட்டார். "தொட்டித் தண்ணி டீ மாதிரி இருக்கு. வாங்க வர்றவன் மூஞ்சியச் சுளிக்கிறான். பளிச்சுன்னு ஆக்கிக் குடு மாப்ள."

"அந்தப் பழுப்புதான் மாமா உங்க குஞ்சுகளக் காப்பாத்துது," என்றேன்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றார்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் சொன்னேன்.

கிருமியைக் கொல்லப் பண்ணைகளில் புற ஊதா விளக்கு வைப்பது வழக்கம். நான் பொருத்தியது அதைவிடப் பலமடங்கு வலுவானது, பழுப்பையே உடைத்துவிடும். தண்ணீர் கண்ணாடியாக வந்தது. மாமா முதுகில் தட்டிக்கொடுத்தார். மூன்றாம் நாள் காலை ஒரு குஞ்சுகூட நீந்தவில்லை. லட்சக்கணக்கில் இருந்தவை தொட்டியின் அடியில் மாவாகப் படிந்து கிடந்தன. சோதனைக்கு அந்தத் தண்ணீர் எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. மொத்தச் செம்பு முன்பிருந்த அதே அளவு. படிவத்தின்படி குறையொன்றும் இல்லை. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

பதினேழு வருடம் தொட்டி பார்த்த ஆளை மாமா வேலையைவிட்டு நிறுத்தினார். தீனியில் அவர் ஏதோ கோளாறு செய்துவிட்டாராம். "நீங்களாவது சொல்லுங்க சார்," என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். சொல்லியிருப்பேன். சொன்னால் விளக்கை அணைத்துவிடுவார்கள். ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்து எங்கள் துறையில் எவனும் எதையும் நம்பமாட்டான். மூன்று தடவையாவது வேண்டும்.

இரண்டாவது பொரிப்பின்போது மாமாவுக்கே சந்தேகம் தட்டியது. "அந்த லைட்டக் கொஞ்சம் நிறுத்திப் பாப்பமா மாப்ள?"

"வேண்டாம் மாமா, கிருமி ஏறிடும்," என்றேன். வாழ்க்கையில் முதன்முறையாக என் பேச்சைக் கேட்டார். அந்தக் குஞ்சுகளும் போயின.

மூன்றாவது பொரிப்புக்குத் தாய்ச்சிப்பிகள் வாங்க வீட்டை விற்றார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குத்தான்டா தண்ணியப் பத்தித் தெரியும். பாத்துக்கடா," என்று அழுதாள். பார்த்துக்கொண்டேன். மூன்று மணி நேரத்துக்கொருமுறை தண்ணீர் எடுத்து அளந்தேன். இரண்டாம் நாளே எல்லாம் முடிந்தது. அதற்கு மறுநாள், பம்பு அறையில் மாமாவை ஜன்னல் வழியாக முதலில் பார்த்தவள் அக்கா. கதவை உடைத்தவன் நான்.

நீங்கள் அந்தச் சாவை விசாரிக்கத்தான் வந்திருக்கிறீர்கள். ஆமாம், மூன்று தடவையும் தெரிந்தேதான் செய்தேன். தண்ணீரில் ஒரு சொட்டு விஷம் நான் கலக்கவில்லை; அதைப் பிடித்து வைத்திருந்ததை மட்டும் நீக்கினேன். திரியும் செம்பு ஏற ஏறக் குஞ்சுகள் குறைகின்றன. மூன்று தடவைக்கும் வரைந்த கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் படிகின்றன. பதினோரு வருடத்தில் இவ்வளவு சுத்தமான முடிவு எனக்குக் கிடைத்ததில்லை. மாமாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலையே அந்த வரைபடத்தை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கடைசிவரை ஒருவரும் என் வேலையை மதிக்கவே இல்லை.