ஔ என்று எழுதிய தூண்

குண்டின் விசில் சத்தம் நிற்கிறது. நின்றால் விழப்போகிறது என்று பொருள். தரை குலுங்குகிறது. தேசிய தேவாலயத்தின் கூரையிலிருந்து சிமெண்ட் தூள் கொட்டுகிறது. செவ்வாய்க்கிழமை. காலை வேளை.

நான் சித்தூர் ஜில்லா, குப்பம் ஊர்க்காரன். கிரானைட் பதிக்கிறவன். அந்த நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே இன்னும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். விடுதலை கிடைத்ததும் அந்த மக்கள் தலைநகரில் எழுப்பிய தேவாலயம் அது. செங்கல் கட்டடம். வட்டக் கூடம். நடுவில் பன்னிரண்டு தூண்கள், இயேசுவின் சீடருக்கு ஒன்றாக. செங்கல் உதிர ஆரம்பித்ததும் கல் போர்த்தச் சொன்னார்கள். கல் எங்கள் ஊரிலிருந்து போனது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். கல்லின் முதுகில் அடையாளம் எழுதுவோம். தரைக்குத் தெலுங்கு. சுவருக்குக் கன்னடம். தூணுக்குத் தமிழ். மூன்று பாஷைக்காரர்களும் ஒரே ஷெட்டில் வேலை செய்தால் வேறெப்படி? பன்னிரண்டு தூணுக்கும் அ முதல் ஔ வரை சரியாக அமைந்தது. பதித்துவிட்டால் அந்த எழுத்து யார் கண்ணிலும் படாது.

அன்று கடைசித் தூண். ஔ. என் தங்கை புருஷன் முனிரத்தினம் சாரத்தின் மேல் நிற்கிறான். ஈரக் கலவையில் வைத்த கல்லுக்குத் தோளால் முட்டுக்கொடுக்கிறான். கீழே கலவை போடும் உள்ளூர்ப் பெண்கள் இருவர். மறுபடி விசில்.

"மச்சான், எறங்கு! வந்துக்கினு கீது!"

"நான் வுட்டா அவங்க மேல வுழும். மொதல்ல அவங்கள இழுத்துக்கினு போ!"

இழுத்துக்கொண்டு ஓடினேன். வாசலைத் தாண்டினோம். விசில் நின்றது.

திரும்பி வந்தபோது கூரையில் வானம் தெரிந்தது. உடைந்த கற்கள் முதுகைக் காட்டிக் கிடந்தன. முனிரத்தினம் எழுதிய ஔ அவன் பக்கத்திலேயே கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இன்றும் அதுதான் இருக்கிறது. கும்பிடுகிற இடத்தில் குண்டு போட்டவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி யாரும் என்னிடம் வரவேண்டாம்.

போன மாதம் அந்த ஊர்ப் பாதிரியார் போன் செய்தார். மறுபடி கல் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எங்கள் மலை எங்கும் போய்விடவில்லை என்றேன்.

வெட்டி முடித்தோம். தங்கை ஷெட்டுக்கு வந்தாள். என் கையிலிருந்த பிரஷை வாங்கி ஔ எழுதினாள்.

"எத்தினி வாட்டி இடிச்சாலும் நான் எழுதுவேன்ணா. அவனுங்க இடிச்சிக்கினே கெடக்கட்டும்."

போனவை: தூண்கள் நான்கு. ஐ, ஒ, ஓ, ஔ. கூரையில் பாதி. தெலுங்கு எழுதிய தரை முழுவதும். ஆள் ஒருவன், முனிரத்தினம். நான்கு தூண்களுக்கும் கல் நேற்று லாரி ஏறிவிட்டது.