இருபத்தைந்தாம் நோன்பில் நான் சொன்ன பொய்

தலைமை ஏற்றிருக்கும் ஜமாஅத் தலைவர் அவர்களே, நமக்குத் தொழுகை நடத்தும் கண்ணியத்திற்குரிய ஹஜ்ரத் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, தூணுக்குத் தூண் நெருக்கி உட்கார்ந்திருக்கும், இந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லாவாசிகளே, திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர்கள் மறைந்த நம் குழாய் பாயைப் புகழ்ந்தார்கள். அதில் ஒரு சொல்கூட மிகையில்லை. ஆனால் அவர்களில் மூன்று பேர் என் பக்கம் திரும்பி, "செயலாளர்தான் கடைசிவரைக்கும் அவருக்குத் துணையாக இருந்தார்" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். அடக்கம் இல்லை ஐயா, வெட்கம்!

குழாய் பாய் யார்? இந்தத் தெருக்களில் ஓடுகிற தண்ணீரைக் கேளுங்கள், சொல்லும். எந்த வீட்டில் எந்தச் சுவருக்குள் குழாய் திரும்புகிறது என்று வீடு கட்டியவருக்கே தெரியாது, அவருக்குத் தெரியும். நம் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ செய்யும் இருபத்திரண்டு குழாய்களையும் அவர்தான் போட்டார். கிழிந்த பையும் ஒரு பெரிய ஸ்பேனருமாக அவர் வந்து நின்றால், அழுதுகொண்டிருக்கும் வீடுகூட மூக்கைத் துடைத்துக்கொள்ளும்.

ஆனால் நான் பேச வந்தது அந்தக் குழாய் பாயைப் பற்றி அல்ல. ரமலானின் கடைசிப் பத்து நாட்களில், இதோ இந்த வடக்கு மூலையில் நீலப் போர்வையைத் திரையாகக் கட்டி உட்கார்ந்திருந்த குழாய் பாயைப் பற்றி.

இஃதிகாஃப் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். இருபதாம் நோன்பின் மாலையில் பள்ளிக்குள் நுழைந்தால், பெருநாள் பிறை தெரியும்வரை வெளியே வரக் கூடாது. தொழுகை, ஓதல், இறைவனிடம் வேண்டிக் கேட்கும் துஆ, அவ்வளவுதான். இயற்கைத் தேவை தவிர வேறு எதற்கும் வாசலைத் தாண்டக் கூடாது. இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். மஹல்லாவில் ஒருவர் அப்படி இருந்துவிட்டால் எல்லோருடைய பொறுப்பும் நீங்கிவிடும். ஒருவருமே இருக்காவிட்டால் பழி எல்லோர் மீதும் வரும்.

பதினோரு வருடங்கள்! பதினோரு வருடங்களும் அந்த ஒருவர் அவர்தான். முதல் வருடம் நாம் நெகிழ்ந்துபோனோம். இரண்டாம் வருடம் பாராட்டினோம். மூன்றாம் வருடம் பழகிவிட்டோம். பிறகு, "அதுக்குத்தான் குழாய் பாய் இருக்காரே" என்று நிம்மதியாகக் கடையைத் திறந்து வைத்தோம். ஆளுக்கொரு துஆவைச் சீட்டில் எழுதி அவர் கையில் திணித்துவிட்டு வந்தோம். நான் தையல்காரன். எனக்கு அந்தப் பத்து நாள்தான் வருடம். மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டுவேன், அந்தப் பத்து நாள் சாப்பிடக்கூட நேரமிருக்காது.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் இஃதிகாஃப் நடக்கும்போது, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, ஒளூ குழாய் ஒன்று ஒழுக ஆரம்பித்தது. அவர் ஓர் எட்டு வெளியே வந்தால் ஒரு நிமிட வேலை. வரவில்லை! ஜன்னல் கம்பிக்கு உள்ளே அவர், வெளியே ஸ்பேனரோடு நான்.

"செயலாளரே, முதல்ல வால்வை மூடுங்க."

"மூடிட்டேன் பாய்."

"எதை மூடினீங்க?"

"சிவப்புக் கைப்பிடி போட்டதை."

"ஐயையோ, அது மாடித் தொட்டிக்குப் போறது! கழட்டாதீங்க, கழட்டாதீங்க!"

நான் கழற்றிவிட்டேன். தலை முதல் கால் வரை நனைந்து நின்றேன். "பரவாயில்லை, நோன்பு நேரத்துல குளிர்ச்சியா இருக்கும்" என்றார். அன்று பள்ளியே சிரித்தது. இப்போது நீங்கள் சிரிப்பதைப் பார்த்தால் அவருக்குப் பிடித்திருக்கும். சிரித்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இந்த வருடம், இருபத்தைந்தாம் நோன்பு. நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கடையில் பெருநாள் துணி மலையாகக் குவிந்திருந்தது. போர்வைக்குப் பின்னாலிருந்து கை நீண்டு என்னைக் கூப்பிட்டது. போனேன். முகம் வெளுத்திருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"செயலாளரே, ராத்திரியிலேர்ந்து இங்க அழுத்துது. இடது கை மரத்துப் போகுது. டாக்டரைப் பார்க்கணும். எனக்குப் பதிலா யாராவது ஒருத்தர் உட்கார்ந்தா நான் கிளம்பிடுவேன். நீங்க உட்கார முடியுமா?"

"நானா? கடையில போட்டது போட்டபடி கிடக்கு பாய்."

"அப்ப வேற யாரையாவது கேட்டுப் பாருங்களேன். நெஞ்சு வலின்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க, பயந்துடுவாங்க."

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். போனேன். கடையில் உட்கார்ந்து காஜா எடுத்தேன், பட்டன் வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால், "நீங்க உட்காரலாமே செயலாளரே?" என்று திருப்பிக் கேட்பீர்களே! அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். அஸருக்கு வந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். நோன்பு வைத்த வாயால் சொன்னேன்:

"எல்லாரையும் கேட்டுப் பார்த்துட்டேன் பாய். யாரும் கிடைக்கலை. இன்னும் நாலஞ்சு நாள்தானே, கொஞ்சம் பொறுத்துக்கங்க."

அவர் என்ன சொன்னார் தெரியுமா? கோபப்பட்டாரா? இல்லை! "சரி, அவங்கவங்களுக்கு வேலை இருக்கும். உங்க துணியெல்லாம் நேரத்துக்கு முடியணும்னு நான் துஆ கேக்கறேன், போங்க" என்றார்.

முடிந்தது, பெரியவர்களே. ஒரு சட்டைகூடப் பாக்கியில்லாமல் முடிந்தது.

பிறை தெரிந்த செய்தி வந்ததும் நீங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டீர்கள். அவர் போர்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "செயலாளரே, ஊர் பொறுப்பு முடிஞ்சுது. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?" என்று கேட்டார். ஏதோ என் அனுமதிக்குக் காத்திருந்தவர் மாதிரி! பெருநாளின் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே உயிர் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

அடக்கம் முடிந்த பிறகு ஹஜ்ரத்திடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்: இஃதிகாஃபில் இருப்பவருக்கு நோய் வந்தால்? "உடனே கிளம்பணும். அவர் மேல ஒரு குற்றமும் இல்லை" என்றார். ஹஜ்ரத் அவர்களே, நான் ஏன் கேட்டேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிகிறது. பத்தடி தூரத்தில் இருந்தீர்கள். அன்றே கேட்டிருந்தால் அந்தப் பதிலை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்.

அவர் ஆயுசு அவ்வளவுதான் என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். ஆயுள் அல்லாஹ்வின் கையில். பொய் என் வாயில்.

இன்று காலை அவர் மச்சானை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, கணவரை இழந்தவர் வெளியாரைப் பார்க்காமல் இருக்கும் இத்தாவில் இருக்கிறார். கதவுக்கு வெளியே நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது:

"ஒருத்தருமே வரலைன்னு நினைச்சுக்கிட்டேதான் அண்ணே அவரு கண்ணை மூடினாரு. 'நான் போயிட்டா அடுத்த வருஷம் யாரு உட்காருவா, ஊர் மேல பழி வந்துடுமே'ன்னு ஆஸ்பத்திரியிலயும் அதே பேச்சு. என்கிட்ட சொன்னீங்க, சரி. ஊர்கிட்டயும் சொல்லிடுங்க."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு இன்னும் முகமில்லை.

அதனால் சொல்லிவிட்டேன். அவர் உங்களைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டு போனார். அந்த நினைப்பைக் கொடுத்தவன் நான். நீங்கள் மறுக்கவில்லை. உங்களைக் கேட்கவே இல்லை!

அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று ஒரு தீர்மானம் எழுதி, வாசிக்கச் சொல்லி என் கையில் கொடுத்திருக்கிறார்கள். இதோ, மடித்துப் பையில் வைக்கிறேன். வாசிக்க எனக்குத் தகுதியில்லை. அதற்குப் பதிலாக, இருபத்தைந்தாம் நோன்பன்று லுஹருக்கும் அஸருக்கும் நடுவே நான் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். தாமதமாகிவிட்டது. இருந்தாலும் கேட்கிறேன்.

மஹல்லாவாசிகளே! பள்ளியில் உட்கார ஒரு ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள்?

என் கையைத் தூக்கிவிட்டேன். வரும் ரமலானில் இருபதாம் நோன்பு மாலை கடையைப் பூட்டிவிட்டு அந்த மூலைக்கு நான் வருவேன். ஆனால் நான் ஒருவன் வந்தால் போதும் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்துத்தான் அவரைப் பதினோரு வருடம் தனியே உட்கார வைத்தோம்.

கேட்டுவிட்டேன் பாய். இப்போதுதான் கேட்டேன்.