மாதா படம் வைத்த பதுங்குகுழி

சீழ்க்கைச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு தரை தூக்கிப் போடுகிறது.

ஓடுகிறோம். தெற்கு லெபனான், ஐ.நா. அமைதிப்படை முகாம். வெள்ளிக்கிழமை மதியம். சோறு போட்டு உட்கார்ந்த நேரம். எல்லைக்கு இரண்டு பக்கத்துக்காரர்களும் அடித்துக்கொள்கிறார்கள். நடுவில் நாங்கள். மலேசியாவிலிருந்து நாங்கள் யாரையும் சுட வரவில்லை. குண்டுக்கு அதெல்லாம் தெரியாது.

எனக்கு முன்னால் அந்தோணி ஓடுகிறான். ஊரில், லிங்கி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். பட்டாளத்திலும் ஒரே பிரிவு.

பதுங்குகுழி தெரிகிறது. சண்டை ஓய்ந்திருந்த மாதங்களில் அதன் மூலையில் அந்தோணி மாதா படம் வைத்தான். பக்கத்தில் நான் முருகனை வைத்தேன். சாயங்காலம் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போவோம். சாமி இருக்கிற இடத்துக்குள் செருப்புக் காலோடு போய் எங்களுக்குப் பழக்கமில்லை. மலாய்ப் பையன்கள்கூட எங்களுக்காக அங்கே கழற்றினார்கள்.

"மாசுக்! மாசுக்!" உள்ளே வரச் சொல்லிக் கத்துகிறார் சார்ஜன். என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பூட்ஸோடு உள்ளே விழுந்தேன். திரும்பினேன். அந்தோணி வாசலில் குனிந்து நிற்கிறான். கை பூட்ஸ் நாடாவில். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போயிருக்கிறது.

"டேய்! பூட்ஸோட வாடா! உள்ள வா!"

நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். அடுத்தது விழுந்தது.

புழுதி. கருகிய இறைச்சி வாடை. அவன் இரண்டு கால்களும் முட்டிக்கு மேலேயே போய்விட்டன. வெள்ளையாக எலும்பு. அவன் வாய் அசைகிறது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. உள்ளே இழுத்தேன். என் பெல்ட்டால் ஒரு தொடையை இறுக்கினேன். மற்றதை முஷ்டியால் அழுத்தினேன். விரலிடுக்கில் ரத்தம் சூடாக வந்தது. ஹெலிகாப்டர் வரும்வரை பிடித்திருந்தால் போதும், பிழைத்துவிடுவான். குண்டுகள் நிற்கவில்லை. ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. விடவில்லை நான். ஒரு கட்டத்தில் ரத்தம் நின்றது. காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். முட்டாள். சார்ஜன்தான் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

பெட்டியை மூடியே ஊருக்கு அனுப்பினார்கள். முகம்கூடப் பார்க்க விடவில்லை. காதுக்கு வைத்தியம் முடிந்து நான் சிரம்பான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவன் அம்மா மேரி அத்தை என்னைத் தேடி வந்தார்.

"எப்படிப் போனான்? மறைக்காம சொல்லுலா."

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அத்தை அழவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்யா. அஞ்சு வயசுல செருப்போட மாதா கோயிலுக்குள்ள ஓடிட்டான். இந்தக் கையாலதான் பிரம்பெடுத்து அடிச்சேன். அப்புறம் ஒரு நாளும் மறந்ததில்ல அவன்."

அத்தை இன்னும் செண்டாயான் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார். சமைக்கிறார். யாராவது அழைத்தால் திரும்பிப் பார்க்கிறார். அவ்வளவுதான் மிச்சம்.

அன்று போனவை: என் வலது காது. சாமி படங்கள் இரண்டும். உயிர் ஒன்று என்று அரசாங்கம் எழுதியிருக்கிறது. இரண்டு என்பேன் நான்.